பச்சை ஒயர்

எனக்குக் குமட்டற வாசனை ரெண்டு உண்டு. ஒண்ணு செத்த எலி. இன்னொண்ணு சூடேறின மைக்செட்டு, மெழுகும் தூசியும் சேர்ந்து கருகற வாசனை. எலின்னா வாலைப் பிடிச்சுத் தூக்கி எறிஞ்சிடலாம். மைக்செட்டோட நான் ஒரே கூரைக்குக் கீழ குடியிருந்தேன்.

மின்சார வாரியத்துல லைன்மேன் வேலை எனக்கு. பேர் வேதகிரி, சொந்த ஊர் தாமல். எண்பத்திரெண்டுல உத்திரமேரூருக்குத் தெற்கால இருக்கற அத்திக்கொல்லைக்கு மாத்தினாங்க. அந்த ஊர்ல ரூம் வாடகைக்கு விடறவன் ஒருத்தன்தான், மைக்செட் பச்சமுத்து. முன்கூடம் பூரா அவன் சாமான்தான். குழாய் ஸ்பீக்கர், ஒயர் சுருள், ரெக்கார்டுப் பெட்டி, சீரியல் பல்பு, நடுவுல மேசை மேல அம்மிக்கல் கனத்துல அந்த செட்டு. பெரிய பெரிய வால்வு வெச்சது. போட்டா சிவப்பா எரியும். பின்கட்டுல அவன் பொண்டாட்டி சொக்கம்மாளோட அடுப்பு. பிள்ளை குட்டி கிடையாது. எனக்கும் சேர்த்து அந்த அக்காதான் பொங்கிப் போட்டாங்க. காலையில கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும், சாயங்காலம் சோறும் கருவாட்டுக் குழம்பும். அந்தக் கை மணத்துக்காகத்தான் அங்க இருந்தேன். இல்லைன்னா வந்த வாரமே பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

பச்சமுத்து சோம்பேறி இல்ல. அதைச் சொல்லணும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் எதுன்னாலும் குழாயை முதுகுல கட்டிக்கினு பனைமரம் ஏறுவான், இறங்குவான், ஒயர் இழுப்பான், சொன்ன நேரத்துக்குப் பாட்டு கேக்கும். வாய்தான் அடங்காது. மைக்கை அணைக்கற பழக்கமும் கிடையாது. யாராவது கேட்டா, அணைச்சு அணைச்சுப் போட்டா வால்வு கெட்டுடும்னு ஒரு கதை சொல்லுவான். பெட்டி பக்கத்துல அறிவிப்புக்குன்னு ஒரு மைக் எப்பவும் உயிரோட நிக்கும். அதும் பக்கத்துல உட்கார்ந்துக்கினு பீடி குடிப்பான், துப்புவான், எதிர்ல போற பொம்பளைங்களைப் பத்திப் பேசுவான். தூ.

நான் வந்த முதல் மாசி மாசம் அந்த செட்டு எப்படிப் பாடினதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சொக்கம்மாளோட அண்ணன் பஞ்சாட்சரம் மாகறல்லேருந்து வந்து கோயில்ல கதை படிச்சாரு. ஊர் ஊராப் போய்க் கதை படிக்கறதுதான் அவர் தொழில். அதுக்கு முந்தின வருஷம்தான் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில அவர் தொண்டையில இருந்த கட்டியை எடுத்திருந்தாங்க. கத்தக் கூடாது, கத்தினா குரல் ஒரேயடியாப் போயிடும்னு டாக்டர் கண்டிச்சு அனுப்பினாராம். அதனால அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்கிட்ட பேசற மாதிரிதான் படிப்பாரு. நான் அன்னிக்கு ஏரிக்கரையோரக் கம்பத்து மேல இருந்தேன். அங்கேயும் ஒரு எழுத்து விடாம வந்து விழுந்தது. மூச்சு இழுக்கறது கூடக் கேட்டது. கட்டிங் பிளேயரைக் கையில வெச்சுக்கினு வேலையை மறந்து கேட்டேன். அப்படியொரு செட்டு அது. காஞ்சிபுரத்துல ரேடியோக் கடை வெச்சிருந்த ஐசக்குன்னு ஒருத்தர் கையால கட்டினது.

கெட்டது பங்குனியில. ஒரு காதுகுத்துல எவனோ வைக்கோல் வண்டியை ஓட்டிக்கினு போயி ஸ்பீக்கர் ஒயரை அறுத்துட்டான். குழாய் இல்லாமலே செட்டு முழுச் சத்தத்துல ஓடி, உள்ள இருந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு. பச்சமுத்து பீடி வாங்கப் போயிருந்தான். ஐசக்கிட்டப் போனா திட்டுவாருன்னு, வேற எவங்கிட்டயோ அவசரத்துக்கு அதுக்குப் புதுக் காயில் சுத்தி வாங்கிக்கினு வந்தான். வந்து மாட்டிப் போட்டா செட்டு ஊளையிடுது. நாய் ஊளை இல்ல, அதுக்கு மேல. சொக்கம்மா அக்கா அடுப்பை விட்டுட்டுத் தெருவுக்கு ஓடிட்டாங்க.

பச்சமுத்து பெட்டியைத் தொறந்து ஒவ்வொரு ஒயரா அசைச்சுப் பார்த்தான். கடைசி முனையிலேருந்து முதல் வால்வுக்கு ஒரு மெல்லிசான பச்சை ஒயர் திரும்பிப் போச்சு. அதைப் பிடுங்கினதும் ஊளை நின்னது. நின்னது மட்டுமில்ல, சத்தம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. அவன் முகத்தைப் பார்க்கணுமே. புதையல் எடுத்த மாதிரி.

"இத்தினி நாளா இந்த ஒயருதான்டா சத்தத்த அமுக்கி வெச்சிக்கினு கீது. ஐசக்கு நம்மள ஏமாத்திட்டான்."

பச்சை ஒயர் முனையில டேப்பு சுத்தி மூலையில மடக்கி வெச்சான். அவனுக்கு நியாயமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். மெல்லமா ரெக்கார்டு போட்டா பாட்டு முன்னைவிடக் கொஞ்சம் குழைவா நல்லாத்தான் இருந்தது. சாயங்காலத்துல முன்கூடத்துல ஒரு பாட்டு வெச்சான்னா நானே தலையை ஆட்டியிருக்கேன். ஆனா மைக்செட்டை எவன் மெல்லமா வெக்கறான்? சத்தம் கூட்டற திருகை முழுசாத் திருப்பினா தகரத்தைத் தரையில இழுக்கற சத்தம். பேச்சுல சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது, வார்த்தை போயிடுச்சு. மைக்குல எவன் என்ன பேசினாலும் கரகரன்னு ஒரு உறுமல்தான்.

ஊருக்கு அது பிடிச்சுப் போச்சு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பச்சமுத்து செட்டு நாலு ஊருக்குக் கேக்குதுன்னு பேராயிடுச்சு. கல்யாணத்துக்குத் தேதி வெக்கறதுக்கு முன்னாடி இவன் செட்டு இருக்கான்னு பார்த்தாங்க. பொண்ணு மாப்பிள்ளை பேரை மைக்குல சொன்னா அவங்க அப்பனுக்கே அடையாளம் தெரியாது, ஆனா சத்தம் கேட்டதாம், போதுமாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அடுத்த வருஷம் வானம் பொய்ச்சுது. ஏரி வெடிச்சுக் கிடந்தது. கிணத்துல மோட்டார் காத்தை இழுத்தது. எனக்கு வேலை கம்மி, ஏச்சு ஜாஸ்தி, கரண்ட்டு இருந்தாத் தண்ணி வரும்னு எவனோ சொல்லி வெச்சிருந்தான். நடவுக்குப் போற பொம்பளைங்க வேலையில்லாம வேலிக்காத்தான் முள்ளு வெட்டி அடுப்புக் கரி போட்டாங்க. கூழுக்கும் தண்ணி அளந்து ஊத்தினாங்க அக்கா.

அந்தப் பக்கத்துல மழை இல்லைன்னா ஏரியம்மன் கதை படிக்கறது வழக்கம். ஏழு அண்ணந்தம்பிங்க சேர்ந்து ஏரி வெட்டறாங்க. ஒரே தங்கச்சி. ஏரி நிறைஞ்சதும் எல்லாரும் வயலுக்குத் தண்ணி திருப்பறாங்க, தங்கச்சி வீட்டுக்கு ஒரு குடம் தர மறந்துடறாங்க. அவ கோவிச்சுக்கினு தண்ணியைக் கூட்டிக்கினு போயிடறா. ஒவ்வொரு அண்ணனாப் போயி அதட்டிக் கூப்பிடறான், அவ திரும்பல. கடைசியில சின்னண்ணன் போயி அதட்டாம, மெல்ல, அவ பேரைச் சொல்றான். அவ திரும்பறா, மழை பெய்யுது. மூணு சாயங்காலக் கதை, ஆரம்பிச்சவர் வாய்லதான் முடியணும். படிக்கறவர் கையில மஞ்சள் காப்பு கட்டிட்டா, முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பாதியில நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஊருக்கு ஆகாது, படிச்சவனுக்கும் ஆகாதுன்னு நம்பிக்கை.

பஞ்சாட்சரம்தான் படிக்க வந்தாரு. கூப்பிட்டது பச்சமுத்து. செட்டும் நம்முது, படிக்கறவரும் நம்ம மச்சான்னு ஊர்ல பெருமையடிச்சுக்கினான். அக்கா வாசல்லயே நின்னு அண்ணன் கையில தண்ணிச் சொம்பைக் குடுத்துட்டு முதல்ல கேட்டது தொண்டையைத்தான்.

"எப்டிண்ணா கீது?"

"மெல்ல பேசற வரிக்கும் ஒண்ணும் இல்ல. மச்சான் செட்டு கீதே, எனக்கு இன்னா கவல?" அவர் சிரிச்சாரு. அக்கா சிரிக்கல. செட்டு மாறிப் போன சங்கதி அவருக்குத் தெரியாதே.

முதல் நாள் சாயங்காலம் கோயில் முன்னால பந்தல். பனைமரத்துல நாலு குழாய். அதுலயும் ஒரு அசிங்கம் நடந்தது. ஏரிக்கு அந்தாண்ட மருதம்பள்ளத்துலயும் அதே நாள்ல அதே கதை படிக்க ஆரம்பிச்சிருந்தாங்க, அவங்களும் பெரிய செட்டு எடுத்திருந்தாங்க. நம்ம ஊர்த் தலைவர் இராமச்சந்திரன், நாலு குழாயையும் மருதம்பள்ளத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டச் சொன்னாரு. மேகம் எந்தச் சத்தம் பெருசோ அந்தப் பக்கம்தான் போகுமாம். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. வோல்டேஜ் குறையாமப் பார்த்துக்கோன்னு எனக்கு உத்தரவு போட்டாரு. கதையைக் கேக்க வந்த சனம் பந்தல்ல, குழாய் ஏரிப் பக்கம். சாமிக்கும் பின்பக்கம்தான்.

பஞ்சாட்சரம் காப்பு கட்டிக்கினு வாயைத் தொறந்தாரு. முதல் அடியே தகரமா வந்தது. அவர் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தாரு. கொஞ்சம் பின்னால தள்ளி உட்கார்ந்தாரு, சரியாகல. பந்தலுக்குப் பின்வரிசையிலேருந்து ஒண்ணும் புரியல, சத்தமாப் படின்னு குரல் வந்தது. அவர் சத்தம் கூட்டினாரு. கூட்டக் கூட்ட செட்டு இன்னும் கிழிஞ்சுது. கிழியக் கிழிய அவங்க இன்னும் சத்தமாங்கறாங்க. பச்சமுத்து சிரிச்சுக்கினே திருகை முழுசாத் திருப்பினான். பொழுது சாயறதுக்குள்ள அவர் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சுக்கிச்சு.

வீட்டுக்கு வந்து சுக்குத் தண்ணி குடிச்சாரு. சட்டியில துப்பினாரு. எச்சில்ல சிவப்பு நூல் நூலா இருந்தது. அக்கா அந்தச் சட்டியை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்துட்டு, சாம்பல் போட்டு மூடிக் கொல்லைக்கு எடுத்துக்கினு போனாங்க. பச்சமுத்து சோத்துத் தட்டை நகர்த்தி வெச்சுக்கினு, சாப்பிடற நேரத்துல இதெல்லாமான்னு மூஞ்சியைச் சுளிச்சான். காப்பு கட்டின வீடுன்னு கருவாடு இல்ல, அதுக்கு வேற முனகல்.

அன்னிக்கு அக்கா அவங்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. போன வருஷம் இருந்த மாதிரி செட்டைப் பண்ணிடு, அண்ணனுக்குக் கத்த முடியாது, காப்பு கட்டிட்டாரு, விட்டுட்டும் போவ முடியாதுன்னாங்க. அவன், ஒயரை மாட்டினா ஊளையிடும், உனக்கு இன்னா தெரியும், அடுப்பைப் பாருன்னு முடிச்சுட்டான். மறுநாள் அக்கா எங்கிட்ட வந்தாங்க.

"வேதகிரி, நீ கரண்ட்டு ஆளாச்சே. அந்த ஊளை ஏன் வர்துன்னு ஐசக்கு கைல கேட்டுக்கினு வாயேன். எங்கண்ணனுக்குக் கொரலு போச்சின்னா சோறு போச்சி."

எனக்கும் டிரான்ஸ்பார்மர் ஆயில் வாங்கக் காஞ்சிபுரம் போற வேலை இருந்தது. ஐசக் கடையில பழைய ரேடியோங்களுக்கு நடுவுல ஆள் இருக்கறதே தெரியாது. பச்சமுத்துன்னதும் ஈயப் பத்து வெக்கற சால்டரிங் அயனைக் கீழ வெச்சாரு. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படல, ஆனா கசந்துக்கினாரு.

"அது சத்தத்த அமுக்கற ஒயரு இல்லப்பா. வெளிய போற சத்தத்துலேருந்து ஒரு சொட்டு எடுத்து, தலைகீழாத் திருப்பி, முதல் வால்வுக்கே குடுக்கறோம். வால்வும் டிரான்ஸ்பார்மரும் தன்பாட்டுக்குச் சேர்த்துக்கினு வர்ற குப்பை இருக்குல்ல, அந்தக் குப்பையும் தலைகீழா உள்ள போவும். போயி, புதுசா வர்ற குப்பையோட மோதிக் கழிஞ்சிடும். சத்தம் கொறையும், நெசந்தான். பேச்சு பேச்சா வரும்."

அப்போ ஊளை எதுக்கு வந்ததுன்னு கேட்டேன்.

"காயிலு சுத்தினவன் ரெண்டு முனைய மாத்தி வெச்சிக்கிறான். தலைகீழா போவ வேண்டியது நேரா போவுது. குப்பை மேல குப்பை ஏறிக்கினே போனா ஊளதான். பெரிய வால்வு ரெண்டுக்கும் போற செவப்பு ஒயரையும் ஊதா ஒயரையும் எடம் மாத்திட்டு, பச்சைய மாட்டு. அவ்ளோதான். இத்த எங்கிட்ட கேக்க அவனுக்கு வாய் வலிச்சிதா?"

அவ்வளவுதானான்னு எனக்கு ஆத்திரமா வந்தது. பஸ்ஸுல வரும்போதெல்லாம் பச்சமுத்துக்குத் தெரியாததாலதான் இப்படி ஆச்சு, தெரிஞ்சாப் பண்ணிடுவான்னு நினைச்சுக்கினேன். மனுஷனை நம்பறதுல எனக்கு இருக்கற புத்தி அவ்வளவுதான்.

அவன் முன்கூடத்துல உட்கார்ந்து குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட் அடிச்சுக்கினு இருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். சந்தேகம் கூடக் கேக்கல. பிரஷை டப்பாவுல முக்கிக்கினே கேட்டான்.

"பண்ணா சத்தம் கொறயுமா?"

கொறையும், ஆனா தெளிவா இருக்கும்னேன்.

"அப்பால எதுக்கு? மருதம்பள்ளத்தான் செட்ட கேட்டியா நீ? வயித்துல இடிக்குது. நான் கொறச்சிக்கினு குந்தியிருந்தா நாளிக்கு எவன் என் செட்ட எடுப்பான்? தெளிவு யாருக்கு வேணும் லைன்மேனு? கத எல்லாருக்கும் தெரிஞ்ச கததானே."

பஞ்சாட்சரம் ரத்தம் துப்பறாருன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு சாயங்காலம்தானே, சமாளிச்சுக்குவாருன்னான். அப்புறம் பெயிண்ட் எப்படி இருக்குன்னு எங்கிட்டயே கேட்டான். தெரியாம பண்றவனை மன்னிச்சிடலாம். இவன் தெரிஞ்சுக்கினு பெயிண்ட் அடிக்கறான்.

அன்னிக்குச் சாயங்காலமும் கத்திப் படிச்சாரு. முடிக்கும்போது பாதி வார்த்தையில காத்துதான் வந்தது. கடைசி நாள் காலையில அவருக்குப் பேச்சே எழும்பல. சைகையாலதான் வெந்நீர் கேட்டாரு. அன்னிக்குத்தான் சின்னண்ணன் கூப்பிடற கட்டம். மெல்லச் சொன்னாத்தான் அது கதை. அதைக் கத்திச் சொன்னா அதட்டற மத்த ஆறு பேருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

மத்தியானம் பச்சமுத்து சாப்பிட்டுட்டுக் கோயில் மண்டபத்துல தூங்கப் போனான். அக்கா முன்கூடத்துக் கதவைச் சாத்தினாங்க. சாத்திட்டு என்னைப் பார்த்தாங்க. ராத்திரியே வீட்டுக்கு வந்திருந்த செட்டுப் பெட்டியை நான் கழட்டி, உள்ள தங்கியிருக்கற கரண்ட்டை ஸ்க்ரூ டிரைவரால இறக்கினேன். படீர்னு ஒரு பொறி வந்தது. மத்ததெல்லாம் அவங்கதான். புருஷன் பக்கத்துல அயன் பிடிச்சுக் குடுத்துக் குடுத்துப் பழகின கை. சிவப்பை எடுத்து ஊதா இடத்துல வெச்சாங்க, ஊதாவைச் சிவப்பு இடத்துல. பச்சை ஒயர்ல இருந்த டேப்பைப் பல்லால உரிச்சாங்க. ஈயம் உருகி ஒட்டினதும் ஊதி ஆத்தினாங்க. போட்டுப் பார்த்தோம். ஊளை இல்ல. அக்கா மைக்குல வாயை வெச்சு "அண்ணா"ன்னு மட்டும் சொன்னாங்க. மூலையில இருந்த சின்ன ஸ்பீக்கர்ல அக்காவே இன்னொரு தரம் பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி வந்தது. உள்ள படுத்திருந்த பஞ்சாட்சரம் எழுந்து வந்து கதவோரம் நின்னாரு.

சாயங்காலம் செட்டைப் பந்தலுக்கு எடுத்துக்கினு போனாங்க. பச்சமுத்து போட்டான், காதைச் சாய்ச்சான், என்னை முறைச்சான்.

"இன்னா லைன்மேனு, சத்தமே ஏறல? கரண்ட்டு கம்மியா வுட்டுக்கிறியா?"

ஆமா, உத்திரமேரூர்லயே வோல்டேஜ் கம்மின்னேன். பொய்தான். சந்தோஷமாச் சொன்னேன். அவன் திட்டிக்கினே திருகை எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும் திருப்பி வெச்சான். படிக்கற மைக், அவன் பக்கத்துல இருந்த அறிவிப்பு மைக், ரெண்டுக்கும்.

பஞ்சாட்சரம் ஆரம்பிச்சாரு. கிட்டத்தட்ட மூச்சுலதான் படிச்சாரு. அது போதுமா இருந்தது. பந்தல்ல பேச்சு அடங்கினது. கடலை உரிச்சுக்கினு இருந்தவங்க கையை நிறுத்தினாங்க. குழாய் அந்தாண்ட பார்த்து இருந்தும் பின்பக்கமா வந்த சத்தத்துலயே ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா விழுந்தது. தங்கச்சி குடத்தை எடுத்துக்கினு போற கட்டத்துல செல்லம்மாள்னு ஒரு கிழவி, ரெண்டு நாளா பந்தல் வாசல்ல உட்கார்ந்து தூங்கினவ, முந்தானையை வாய்ல வெச்சுக்கினு அழுதா. அக்கா தூண்ல சாய்ஞ்சு அண்ணனையே பார்த்துக்கினு இருந்தாங்க.

மருதம்பள்ளத்துச் செட்டு ஏரிக்கு அந்தாண்டேருந்து குலைச்சுக்கினு இருந்தது. தலைவருக்குப் பொறுக்கல. எழுந்து பச்சமுத்துகிட்டப் போனாரு. ரெண்டு பேரும் பெட்டி பக்கத்துல தலையை ஒட்டி வெச்சுக் குசுகுசுன்னு பேசினாங்க. எப்பவும் போல மைக் நடுவுல நின்னது. எப்பவும் அது உறுமலாத்தான் போகும், ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அன்னிக்கு, பஞ்சாட்சரம், கதையில சின்னண்ணன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னால மூச்சை நிறுத்தின அந்த நேரம், நாலு குழாயிலும் பச்சமுத்து பேசினான். தலைவர் என்ன கேட்டாரோ அது சரியா விழல. இவன் பேசினது முழுக்க விழுந்தது.

"செட்டு மேல குத்தம் இல்ல தலிவரே. படிக்கிறவன் தொண்ட அழுவிப் போச்சி. வூட்டுக்காரி அண்ணனாச்சேன்னு இஸ்துக்கினு வந்தேன். வூட்ல ரத்தம் ரத்தமா துப்பறான். அத்த அவ வழிக்கிறா, எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. இன்னியோட வுட்டுது. போறவன் மிச்ச தொண்டையையும் ஒரேயடியா கிழிச்சிக்கினு போவட்டும். நம்முளுக்கு வேண்டியது சத்தம். மளை பெய்ஞ்சா இன்னா, பெய்யாட்டி இன்னா? மருதம்பள்ளத்தான் காத பொத்திக்கணும், அவ்ளோதான்."

ஊர் முழுக்க பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தலைவர் மெல்ல நகர்ந்து, தான் அங்க இல்லவே இல்லைங்கற மாதிரி தூணுக்குப் பின்னால போயிட்டாரு. பச்சமுத்து தலையைத் தூக்கினான்.

"இன்னாத்துக்கு எல்லாரும் இங்கயே பாக்குதுங்க?"

அதையும் நாலு குழாயும் சொன்னது. தன் குரல் அவ்வளவு தெளிவா மரத்து மேலேருந்து வர்றதை அப்பத்தான் அவன் கேட்டான். மேல பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பின்பக்கம் குனிஞ்சு பார்த்தான். பச்சை ஒயர் பழையபடி மாட்டியிருந்தது. எழுந்து பொண்டாட்டியைத் தேடினான். அக்கா தூணை விட்டு நகரல. அவனைப் பார்க்கவும் இல்ல. அண்ணனைப் பார்த்துக்கினு நின்னாங்க.

பச்சமுத்து உள்ள கையை விட்டு ஒயரைப் பிடுங்கினான். ஏற்கெனவே முழுசாத் திருப்பி வெச்ச திருகு. செட்டு ஒரு தரம் கத்திட்டு உறும ஆரம்பிச்சுது. அவன் மைக்கைப் பிடிச்சுக்கினு என்னவோ விளக்கம் சொன்னான். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கரகர கரகரன்னு நாலு ஊருக்குக் கேட்டது.

பஞ்சாட்சரம் மேடையை விட்டு இறங்கினாரு. பொம்பளைங்க நடுவுல வந்து தரையில உட்கார்ந்தாரு. அவங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கினு முழங்கால் முட்டற அளவுக்குக் கிட்ட வந்தாங்க. மேல அந்த எழவு சத்தம் ஓடிக்கினு இருக்க, கீழ அவர் சின்னண்ணன் கூப்பிடற கட்டத்தைப் படிச்சு முடிச்சாரு. எனக்குக் கேக்கல. அவர் உதடு அசையறதைத்தான் பார்த்தேன். கிட்ட இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கும், அவங்க முகத்துல தெரிஞ்சுது. ஒரு ஆம்பளையும் பச்சமுத்துகிட்டப் போயி சத்தத்தை நிறுத்துடான்னு சொல்லல. நான் போயி பீஸ் கட்டையைப் பிடுங்கினப்புறம்தான் நின்னது. அதுக்கும் தலைவர், இன்னாப்பா அவசரம்னாரு.

மழை பெய்யல. ஐப்பசியில வந்தது, தன்பாட்டுக்கு, ரெண்டு ஊருக்கும் சமமா.

காப்பை அவிழ்த்துக் கிணத்துல போட்டுட்டு, இருட்டறதுக்கு முன்னால வர்ற கடைசி பஸ்ஸுக்கு அவர் கிளம்பினாரு. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கினு கூடக் கிளம்பினாங்க. அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சிருந்தாங்க. பெட்டியை வாங்கி என் தோள்ல வெச்சுக்கினேன். பஸ் நிக்கற இடத்துக்கு ஏரிக்கரை மேலதான் வழி. வெடிச்ச ஏரியில மாடுங்க எதையோ மோந்துக்கினு திரிஞ்சுது.

கரையில பாதி தூரம் போயிருப்போம். கோயில் பக்கம் கரண்ட்டை எவனோ திருப்பிப் போட்டிருக்கான். பின்னாலேருந்து நாலு குழாயும் சேர்ந்து பேச ஆரம்பிச்சுது. பச்சமுத்து குரல்தான். குழாயெல்லாம் ஏரியைப் பார்த்துக் கட்டினதுதானே, நேரா எங்க மேலதான் வந்து விழுந்தது. எங்க காது அடைச்சுப் போற அளவுக்குச் சத்தம். திட்டறானா, அழறானா, திரும்பி வான்னு கெஞ்சறானா, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். நடுவுல நிறுத்தினான். மறுபடியும் ஆரம்பிச்சான்.

அக்கா நின்னாங்க. ஊர்ப்பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கினு கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க. பஞ்சாட்சரமும் நின்னு தங்கச்சி முகத்தைப் பார்த்தாரு. பேசக் குரல் இல்ல.

"இன்னா சொல்றாரு, வேதகிரி?"

நானும் காதைத் தீட்டிக்கினுதான் கேட்டேன். "தெரியலக்கா. ஒரு வார்த்தையும் விளங்கல."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கினாங்க.

"அந்த ஒயர மாட்டிக்கினு சொல்லச் சொல்லு" அப்படின்னுட்டு, அண்ணனுக்கு முன்னால பஸ்ஸுக்கு நடந்தாங்க.